ஆயா சுட்ட வெள்ளை ரொட்டி

ரொட்டி என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது?

எனக்குக் காய்ச்சல் நினைவு வருகிறது!

ஒரு கட்டில். ஒரு கம்பளி. தலைமாட்டில் ஒரு டம்ளர் பால். அந்தப் பாலில் ஊறிக் கிடக்கும் ஒரு துண்டு வெள்ளை ரொட்டி. "இதை மட்டும் சாப்பிட்டுவிடு, கண்ணு" என்று கெஞ்சும் அம்மா.

இந்தக் காட்சியை உங்களில் பலர் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரருக்கு ரொட்டி அன்றாடச் சாப்பாடு. நமக்கோ அது வெகு காலம் பத்தியச் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் என்ன இருக்கும்? நாலு ஆரஞ்சுப் பழம், ஒரு ரொட்டி!

எங்கள் வீட்டிலும் ரொட்டி நோயோடுதான் நுழைந்தது. ஆனால் அது கடை ரொட்டி அல்ல. திருத்தணி மலை அடிவாரத்தில், கரி அடுப்பில், மணல் சட்டியில் என் ஆயா சுட்ட ரொட்டி.

அதை அவர் ஏன் சுட்டார்? சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ரொட்டியை என் நைனா ஏன் சுட நேர்ந்தது? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கதையோடு கதையாக, ரொட்டி சுடும் முறையும் உண்டு.

(எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்போம். தந்தையை 'நைனா' என்போம்.)

வீடு ஒன்று, மாநிலம் மூன்று

திருத்தணியை அறியாதவர் இல்லை. முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்று. மலைமேல் கோயில். ஏறிப் போக 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி! டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தது இந்த ஊரில்தான்.

இது எல்லை ஊர். ஒரு வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு. கடைத் தெருவில் இரண்டும் கலந்து ஓடும்.

ஆயா கல்யாணமாகி வந்தபோது இந்த ஊர் பழைய சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். அதன்பின் 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி மறுபடியும் சென்னை மாநிலத்துக்கு வந்தது.

"நான் வீட்டை விட்டு நகரவே இல்லை. மாநிலம்தான் வந்து வந்து போச்சு" என்று ஆயா சிரிப்பார்.

தாத்தாவுக்கு நெசவுத் தொழில். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தாத்தா நெய்வார், ஆயா நூல் சுற்றுவார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் என் பெரியப்பா. இளையவர் என் நைனா.

அரிசி இல்லாத ஆண்டு

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டில் மழை பொய்த்தது. அரிசிக்குப் பஞ்சம். "வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள்" என்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி 1965-ல் மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பல குடும்பங்கள் விட்டன. இந்திய உணவுக் கழகம் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். 1965 ஜனவரி 14 பொங்கல் சமயம். முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்!

அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 'பி.எல். 480' என்று அந்தக் கோதுமைக்குப் பெயர். அது அமெரிக்கச் சட்டம் ஒன்றின் எண். அந்தச் சட்டப்படி 1956-ல் நம் நாடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது.

ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியவில்லை. கஞ்சி வைத்தார்கள். தோசை வார்த்தார்கள். பாதி நாள் எல்லோருக்கும் கேழ்வரகுக் களிதான்.

மைதா மாவும் தெரிந்த பொருள்தான். ஆனால் சாப்பிட அல்ல. சினிமா நோட்டீசு ஒட்டும் பசை காய்ச்ச!

பெரியப்பாவுக்கு டைபாய்டு

அந்த 1966-ல்தான் பெரியப்பா காய்ச்சலில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 12. பத்து நாள் ஆகியும் சூடு இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். டைபாய்டு என்றார். குடல் புண்ணாகி இருக்கும். களி கூடாது, குழம்பு கூடாது, காரம் கூடாது என்றார்.

"அப்ப எதைத்தான் கொடுக்கிறது, சாமி?" என்று ஆயா கேட்டார்.

"பால் கொடுங்கள். ரொட்டி கொடுங்கள்."

சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். ரொட்டிக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் ரொட்டிக் கடை இல்லை. தாத்தா ரயிலேறி அரக்கோணம் போனார்.

அரக்கோணம் ரயில்வே ஊர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே, அந்தப் பாதையில் உள்ள ஊர். ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு ரொட்டி இல்லாமல் பொழுது விடியாது. ஆகவே அங்கே ரொட்டி கிடைத்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாத்தா அரக்கோணம் போய் வந்தார். போகிற நாள் எல்லாம் தறி நின்றது. தறி நின்றால் கூலி நின்றது. ரயில் சத்தம், ரொட்டி விலை, பால் விலை! ஆயாவின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

"ரொட்டி என்ன, ஆகாசத்திலிருந்தா விழுகிறது? அதுவும் மாவுதானே! கேட்டு வாருங்கள், நானே சுடுகிறேன்" என்றார் ஆயா.

தூக்குச் சட்டியில் வந்த மாவு

ரயில்வே குடியிருப்பில் தாத்தா புடவை விற்கும் வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டு அம்மாளைத் 'துரைசானி அம்மா' என்பார். அந்த அம்மாள் வாரம் இருமுறை வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர். தாத்தா விஷயத்தைச் சொன்னதும், ஆரஞ்சுப் பழம் அளவு மாவு உருண்டை ஒன்றைக் கொடுத்தார்.

"இது நேற்றைய மாவு. இதைப் புது மாவில் கரைத்துப் பிசைந்தால் எல்லாம் பொங்கும். அதிலிருந்து ஒரு உருண்டை எடுத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆயாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "இவ்வளவுதானா? உறைமோர் மாதிரி!" என்றார்.

ஆமாம், உறைமோர் மாதிரியேதான். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கிப் பாலில் விட்டால் தயிர் ஆகிறது. அந்தத் தயிரே நாளைக்கு உறைமோர். ரொட்டி மாவும் அப்படித்தான் வளர்கிறது.

ஆனால் அன்று கடுங் கோடை. தாத்தா அந்த உருண்டையைத் தூக்குச் சட்டியில் போட்டு மூடி எடுத்து வந்தார். ரயிலில் வரும்போதே மாவு பொங்கிவிட்டது! மூடியைத் தள்ளிக்கொண்டு மடியில் வழிந்தது. தாத்தா வேட்டியெல்லாம் மாவோடு வீட்டுக்குள் நுழைந்த கோலத்தை ஆயா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

முதல் ரொட்டி கல்லாகிவிட்டது. "தறிக்கு எடை கட்டலாம்" என்றார் தாத்தா. இரண்டாவது கருகியது. மூன்றாவது ரொட்டி எழும்பி வந்தது. தெருவெல்லாம் மணத்தது.

வீட்டில் கடிகாரம் கிடையாது. ரயில்தான் கடிகாரம். ஒரு ரயில் கூவும்போது சட்டியில் வைப்பார். அடுத்த ரயில் கூவினால் எடுப்பார். விடிவதற்கு முன்னே எழுந்து, ஒரு மாதம் போல ஆயா ரொட்டி சுட்டார். பெரியப்பா பிழைத்தார். ஆயா 365 படியும் ஏறிப்போய் முருகனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தினார்.

வெங்காயக் காய்ச்சல்

இதற்கு நடுவில் என் நைனா கதையைக் கேளுங்கள்.

அப்போது அவருக்கு வயது 9. வீடெல்லாம் ரொட்டி வாசனை. ஆனால் அவருக்கு ஒரு துண்டும் கிடையாது. அது நோயாளிக்கு உள்ளது. அவருக்குக் களிதான். அண்ணன் படுத்திருக்கும் அறை வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பாராம்.

வெங்காயத்தை அக்குளில் வைத்துக்கொண்டால் காய்ச்சல் வரும் என்று பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான். நைனா இரண்டு வெங்காயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போர்வைக்குள் படுத்துவிட்டார். "அம்மா, எனக்கும் காய்ச்சல்" என்று முனகினார்.

காய்ச்சல் வரவில்லை. வெங்காய நாற்றம்தான் வந்தது!

ஆயா அடிக்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தார். வெங்காயத்தை எடுத்தார். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். பிறகு ரொட்டியின் ஓரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நைனா கையில் கொடுத்தார்.

"அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது" என்று நைனா சொல்வார்.

ரொட்டி வந்த வழி

இந்த ரொட்டி நம் நாட்டுக்கு எப்படி வந்தது?

வட நாட்டில் சப்பாத்தி, தந்தூரி ரொட்டி எல்லாம் பழைய காலத்திலிருந்தே உண்டு. நாம் சொல்லும் உப்பிய ரொட்டியைப் பரப்பியவர்கள் ஐரோப்பியர்கள். போர்த்துக்கீசியர் 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் ரொட்டிக்கு 'பாவ்' என்று பெயர். அதுதான் பம்பாயின் 'பாவ்'. இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்களே, அதுவும் அந்தச் சொல்தான். ரொட்டி சுடும் அடுப்பை அவர்கள் 'போறணை' என்பார்கள். அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல்தான்.

கோவாவில் மாவைப் பொங்க வைக்கத் தென்னங் கள்ளைச் சேர்த்தார்கள். கேரளத்தில் ஆப்ப மாவுக்குக் கள் சேர்ப்பது போலத்தான்.

தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1880-ல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். பர்மாவில் தொழில் கற்று வந்தவர் அவர். சென்னையில் 1903-ல் தொடங்கிய மெக்ரெனட் பேக்கரி இன்றும் பெயர் பெற்றது. ரொட்டி சுடும் இடத்தை நம் ஊர்களில் 'ரொட்டிக் கிடங்கு' என்று சொல்வார்கள். இப்போது எல்லாம் 'பேக்கரி' ஆகிவிட்டது.

1965-ல் மத்திய அரசே ரொட்டி சுட இறங்கியது! 'மாடர்ன் பேக்கரீஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா உதவி செய்தது. பல நகரங்களில் ஆலைகள் வந்தன, சென்னையிலும் வந்தது. காகிதம் சுற்றிய 'மாடர்ன் ரொட்டி' ஊர் ஊராகப் போயிற்று. 2000-ம் ஆண்டில் இந்த நிறுவனத்தின் 74 சதவிகிதப் பங்கை அரசு தனியாருக்கு விற்றது.

ஆலை ரொட்டி கடைகளுக்கு வந்ததும் ஆயா ரொட்டி சுடுவதை விட்டுவிட்டார். மணல் சட்டி பரணுக்குப் போயிற்று. துரைசானி அம்மாள் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார் என்று தாத்தா கேள்விப்பட்டு வந்து சொன்னாராம்.

ஆயா விழுந்தார்

இப்போது ஆயாவுக்கு வயது 90-ஐ நெருங்குகிறது. சென்ற மார்கழியில் வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்தார். ஆனால் சாப்பிட மறுத்தார்.

இட்லி வைத்தோம், வேண்டாம் என்றார். கஞ்சி வைத்தோம், இரண்டு வாயோடு சரி. கடைசியில், நம் வழக்கம்தான் இருக்கிறதே, கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்து பாலில் தோய்த்து நீட்டினோம். ஆயா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு ரொட்டி கொடுக்கிறீங்களா? அப்ப நான் பிழைக்க மாட்டேனா?" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாளுக்கு நாள் இளைத்தார். "சாப்பிட்டால்தான் உடம்பு தேறும், நடக்க முடியும். இப்படியே போனால் நல்லதல்ல" என்று டாக்டர் எச்சரித்தார். நைனா இரவெல்லாம் தூங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பார்க்க வந்தார். அவருக்கு இப்போது வயது 70-க்கு மேல். அவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு ரொட்டிப் பொட்டலம்!

அதைப் பார்த்ததும் நைனா சிரித்துவிட்டார். "அண்ணா, அம்மா சுட்ட ரொட்டியை எல்லாம் நீயே தின்றாய். எனக்கு ஒரு ஓரத் துண்டுதான் கிடைத்தது" என்றார்.

அப்போது பெரியப்பா ஒன்று சொன்னார். இத்தனை காலமாக அவர் யாரிடமும் சொல்லாதது.

"எனக்கு அந்த ரொட்டியே பிடிக்காதுடா. நீங்க மூணு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிடுவீங்க. சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் மட்டும் தனியா படுத்துக்கிட்டு ரொட்டியை மெல்லுவேன். அந்தக் களி எப்ப கிடைக்கும்னு அழுவேன்."

அறை நிசப்தமாகிவிட்டது. சுவர் பக்கம் திரும்பியிருந்த ஆயா மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

"அப்பவே ஏன்டா சொல்லலே?"

"நீ தூங்காம சுட்டியேம்மா. எப்படிச் சொல்றது?"

அண்ணன் தம்பியைப் பார்த்து ஏங்கினான். தம்பி அண்ணனைப் பார்த்து ஏங்கினான். இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான். கூட உட்கார்ந்து சாப்பிடுவது!

நாங்களும் அதே தவறைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆயாவுக்குத் தனித் தட்டு, தனி வேளை, தனி அறை. பத்தியம் என்ற பெயரில் அவரைக் குடும்பத்திலிருந்தே ஒதுக்கி வைத்துவிட்டோம்.

நைனா எழுந்தார். பரணிலிருந்து மணல் சட்டியை இறக்கினார். ஆயாவின் கட்டில் அருகே கொண்டுவந்து வைத்தார். "அம்மா, எப்படிச் சுட்டே? சொல்லு, நான் சுடுகிறேன்" என்றார்.

ஆயா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். நோயாளி போய், சமையல்காரி வந்துவிட்டார்!

நீங்களும் சுடலாம்

ஆயா சொன்ன முறையை இன்றைய வசதிக்கு ஏற்பச் சொல்கிறேன். ஒரு ரொட்டிக்கு வேண்டியவை இவை:

மைதா மாவு அரை கிலோ. தண்ணீர் 300 மில்லி லிட்டர். கடையில் விற்கும் உலர்ந்த ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி. சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பு வேண்டும். கொதிநீர் ஊற்றினால் செத்துவிடும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரை வந்தால் ஈஸ்ட் நல்ல ஈஸ்ட். வராவிட்டால் பழையது, வேறு வாங்குங்கள். மாவில் உப்பைக் கலந்து, இந்தத் தண்ணீரை விட்டு, எண்ணெயும் சேர்த்துப் பிசையுங்கள்.

பிசைவதில்தான் சூட்சுமம். பத்து பன்னிரண்டு நிமிடம் விடாமல் தள்ளி, மடித்து, மறுபடி தள்ள வேண்டும். கோதுமையில் பசைப் பொருள் ஒன்று உண்டு. பிசையப் பிசைய அது இழை இழையாக இணைகிறது. தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து துணி ஆவது போல! அந்தத் துணிதான் வாயுவைப் பிடித்து வைக்கிறது. அரிசி மாவில் இந்தப் பசைப் பொருள் கிடையாது. அதனால்தான் அரிசியில் இப்படி ரொட்டி வராது. மாவு காது மடல் போல மெத்தென்று ஆனால் போதும் என்று அறியுங்கள்.

பாத்திரத்தில் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு பங்காகும். பனிக் காலத்தில் கூடுதல் நேரம் ஆகும். இட்லி மாவு பொங்குவதை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். சுருட்டி, எண்ணெய் தடவிய தகர அச்சில் வையுங்கள். மறுபடி முக்கால் மணி நேரம் பொங்க விடுங்கள்.

மின்சார அடுப்பு உள்ளவர்கள் 200 டிகிரிச் சூட்டில் 30 முதல் 35 நிமிடம் சுடலாம். இல்லாதவர்களுக்கு ஆயாவின் வழி இருக்கிறது. கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு முக்காலி வையுங்கள். மூடி, அடுப்பில் கால் மணி நேரம் காய விடுங்கள். பிறகு அச்சை முக்காலி மேல் வைத்து மூடி, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் முதல் 50 நிமிடம் வரை வையுங்கள். ஆயா மூடியின் மேலும் தணல் போடுவார். அதனால் மேல்பக்கமும் சிவக்கும். பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் ரப்பர் வளையத்தையும், மேலே வைக்கும் குண்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாததால், அவற்றைப் போட்டால் ஆபத்து.

ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பாருங்கள். காலிக் குடத்தைத் தட்டியது போல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. உடனே அறுக்காதீர்கள்! ஒரு மணி நேரம் ஆறட்டும். சூட்டில் அறுத்தால் உள்ளே பிசுபிசு என்று இருக்கும்.

ரொட்டிக்கு அந்த மணமும் பொன்னிறமும் எப்படி வருகின்றன? சூட்டில் மாவின் சர்க்கரையும் புரதமும் சேர்வதால் வருகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மையார் இதை 1912-ல் விளக்கினார். தோசை முறுகுவதும் இதே கணக்குத்தான்.

வீட்டு ரொட்டி இரண்டு நாள்தான் தாங்கும். மருந்து எதுவும் சேர்க்காததே காரணம். கடை ரொட்டி நன்றாக உப்பப் பொட்டாசியம் புரோமேட் என்ற இரசாயனத்தைச் சேர்ப்பது உண்டு. உடம்புக்கு ஆகாது என்ற ஐயத்தால் 2016-ல் அதற்கு நம் நாட்டில் தடை போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல்காரருக்கு ரொட்டியில் தனிச் சக்தி ஒன்றும் இல்லை. தவிடு நீக்கிய மாவு ஆகையால் எளிதில் செரிக்கும், அவ்வளவுதான். இட்லியும் குழைந்த சோறும் அந்த வேலையைச் செய்யும். அன்றாடம் மைதா ரொட்டியே சாப்பிடுவதும் நல்லதல்ல. வாரம் ஒரு நாள் ஆசைக்குச் சுட்டால் போதும்.

கட்டிலைச் சுற்றிப் பந்தி

நைனா சுட்ட முதல் ரொட்டியும் கல்லாகத்தான் வந்தது! ஆயா அதைத் தட்டிப் பார்த்தார். "உங்க அப்பா இருந்தா தறிக்கு எடை கட்டியிருப்பார்" என்றார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு ரொட்டி எழும்பி வந்தது. தெருவெல்லாம் மணத்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, "ஏமி வாசன!" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

இந்தத் தடவை நாங்கள் பால் டம்ளரை எடுக்கவில்லை. ஆயாவின் கட்டிலைச் சுற்றிப் பாய் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியப்பா, நைனா, அம்மா, நான், என் மனைவி, ஏழு வயது மகள், பக்கத்து வீட்டு அம்மா. எல்லோர் தட்டிலும் அதே ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு!

நைனா ரொட்டியை அறுத்தார். ஓரத் துண்டைத் தன் அண்ணனிடம் நீட்டினார். பெரியப்பா அதைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காரம்" என்றார்.

ஆயா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

அன்று இரண்டு துண்டு சாப்பிட்டார். மறுநாள் இட்லி கேட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லோரும் கூட உட்கார வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பந்தி கட்டிலுக்கு மாறியது. தை பிறந்து, மாசி போய், பங்குனியில் ஆயா கோலூன்றி வாசல் வரை நடந்தார். வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ரொட்டி அவரைப் பிழைக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரின் கையும் மருந்தும் பிழைக்க வைத்தன. ஆனால் சாப்பிட வைத்தது, சுற்றி உட்கார்ந்த முகங்கள். தனியாகச் சாப்பிட்டால் அது மருந்து. கூடிச் சாப்பிட்டால் அதுவே விருந்து!

உங்கள் வீட்டிலும் ஒரு கட்டிலில் யாராவது படுத்திருக்கலாம். அவர் தட்டைத் தனியாக வைக்காதீர்கள். உங்கள் தட்டையும் அங்கே எடுத்துப் போங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ரொட்டி உண்டு. சென்ற வாரம் நைனாவுக்கு வேலை இருந்தது, ரொட்டி சுடவில்லை. என் மகள் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். "பெரிய ஆயா, எனக்குக் காய்ச்சல்" என்றாள்.

ஆயா கோலை ஊன்றிக்கொண்டு போனார். "எங்கே, கையைத் தூக்கு" என்றார்.

இரண்டு வெங்காயம் உருண்டு விழுந்தன!

"இதைக் கொண்டுபோய்க் குழம்புக்கு அரிந்து போடச் சொல்லு. இந்த வீட்டில் ரொட்டி தின்னக் காய்ச்சல் வர வேண்டியதில்லை" என்றார் ஆயா.